குரலில் தெரிந்த காயம்

வட சென்னைக்குக் குத்துச்சண்டை புதியதன்று. பரம்பரை பரம்பரையாக மோதிய குழுக்களின் கதைகளை ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் முதியோர் இன்றும் சொல்வர். அப்பகுதியைச் சேர்ந்த 22 வயது வீரர் ஒருவர் அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். அவரும் அவரை மணக்கவிருக்கும் பெண்ணும் இசைவு தந்த பின்னரே இதனை எழுதுகிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

அவர் 60 கிலோ எடைப்பிரிவில் ஆடுபவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தால்தான் திருமணம் என்பது பெண் வீட்டாரின் நிபந்தனை. அப்பெண்ணோ துபாயில் ஒரு துணிக்கடையில் காசாளர். கடையடைத்து அறைக்குத் திரும்பும்போது அங்கே இரவு மணி 11; இங்கே 12.30. பேசி முடிக்க ஒன்றரை ஆகிவிடும். இவர் விடியற்காலை நான்கரைக்குக் கடற்கரையில் ஓட வேண்டும். மூன்று மணி நேர உறக்கத்துடன் பல மாதங்கள் கழிந்தன. அதனை அவர் ஒரு குறையாகவே எண்ணவில்லை.

ஒரு மாலை, பயிற்சிச் சண்டையில் தாடையில் பலத்த அடி விழுந்தது. நினைவு தப்பவில்லை. சிறிது நேரம் கண் இருண்டது; தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் கையுறை மாட்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது.

மாற்றத்தை முதலில் உணர்ந்தவர் துபாயில் இருந்தவர்தான். “சாப்பிட்டியா?” என்று ஒரே அழைப்பில் மூன்று முறை கேட்டார். முந்தைய இரவு சொன்னதையே புதிதாகச் சொன்னார். மூன்றாம் நாள், திரை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று காணொலியை நிறுத்திவிட்டார். சின்னச் சொல்லுக்கும் சீறி விழுந்தார். தன்மேல் உள்ள விருப்பம் குறைந்துவிட்டதென்றே அப்பெண் முதலில் நினைத்தாராம். இருவருக்கும் பெரிய சண்டையே நடந்தது. ஐந்தாம் நாள் அவர் வீரரின் அக்காவை அழைத்து, “எனக்கு என்னமோ சரியாப் படலைக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

சி.டி. ஸ்கேனில் கோளாறு ஏதுமில்லை. அதைக் கேட்டதும் இளைஞர் எழுந்துவிட்டார். மூளை அதிர்வு பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மறதி, கூச்சம், எரிச்சல், உறக்கக் கோளாறு ஆகியவையே அதன் தடயங்கள். அது ஆறுமுன் விழும் மற்றோர் அடி உயிருக்கே கேடாகலாம். ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, எழுப்பினாலும் விழிக்காமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டார் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வர வேண்டும்.

போட்டியில் தலையில் பட்ட அடியால் ஒருவர் வீழ்த்தப்பட்டால், குறைந்தது 30 நாள்கள் அவர் மோதக்கூடாதென்பது அமெச்சூர் குத்துச்சண்டையின் நெடுநாள் வழக்கம். அங்கே வளையத்தருகில் மருத்துவர் இருப்பார். பயிற்சிக் கொட்டகையில் யார் இருக்கிறார்கள்? எங்கள் மனக்குறை அதுதான்.

தேர்வுப் போட்டி கைவிட்டுப் போயிற்று. அன்று அவர் அழுததை அக்கா எங்களிடம் சொன்னார்.

நாள்கணக்கில் இருட்டறையில் படுத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரு நாள்கள் ஓய்வும், திரைப் பயன்பாட்டைக் குறைப்பதும் போதும். இவரோ அவ்விரண்டு இரவுகளையும் காணொலியிலேயே கழித்திருந்தார்! பின்னர் நடை, மெல்லோட்டம், நிழற்சண்டை, மணல்மூட்டை என்று தொல்லை கூடாதவாறு படிப்படியாக ஏற வேண்டும். எதிராளியுடன் மோதுவது மருத்துவர் இசைந்த பிறகே. உறக்கத்திற்காக அழைப்பைப் பெண்ணின் மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொண்டனர். குரல் மட்டும், பதினைந்து நிமிடம். அதற்கும் முதலில் பிணக்கு இருந்ததாம்.

ஆறாவது வாரச் சோதனைக்கு வந்தபோது கைபேசியை மேசைமேல் வைத்தார். துபாயிலிருந்து அப்பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து உண்டா, ஓடலாமா என்று வினவியபின், “இன்னும் எத்தனை வருஷம் இவர் சண்டை போடலாம் டாக்டர்?” என்றார்.

அதற்கு எண் சொல்ல மருத்துவரால் இயலவில்லை. ஆண்டுக் கணக்கைவிடத் தலையில் வாங்கும் அடிகளின் கணக்கே பெரிது என்றார். இளைஞர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, “கஸ்டமர் வந்துட்டாங்க, ராத்திரி பேசக் கூடாது, நாளைக்குக் கூப்பிடுறேன்” என்று அழைப்பைத் துண்டித்தார்.