நின்று காத்திருக்கும் எறும்பு

ஓபி-வான் கெனோபிக்கு 13 வயது நிறைய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் ஜெடை வீரர் யாராவது அவனைச் சீடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒளிவாளை மறந்துவிட்டு வேளாண்மைப் படையில் சேர வேண்டியதுதான். 'ஜெடை அப்ரென்டிஸ்' நாவல் வரிசை இந்த இக்கட்டில்தான் தொடங்குகிறது. ஸ்டார் வார்ஸ் உலகத்தை வைத்து இளையோருக்காக 1999 முதல் 2002 வரை வெளிவந்த வரிசை இது. முதல் நூல் டேவ் வோல்வர்ட்டன் எழுதியது, அடுத்தவை ஜூட் வாட்சனுடையவை. படங்களில் நிதானமே உருவாக நாம் பார்த்த ஓபி-வான் இங்கே முன்கோபக்காரப் பையன். யாரைக் குருவாக அடையத் துடிக்கிறானோ அந்தக் குவை-கான் ஜின், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அவருடைய முந்தைய சீடன் சானடோஸ் வழிதவறி எதிரியாகவே மாறிப்போனவன். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்பங்கரைக்கு வருமா? பாண்டோமீர் கோளில் இந்தப் பையன் தன் உயிரையே கொடுக்கத் துணிந்ததைப் பார்த்த பிறகுதான் மனிதர் இறங்கிவருகிறார்.

விறுவிறுப்பான கதை. ஆனால் உயிரியல் படித்த ஒருவருக்குக் குவை-கானின் மறுப்பு புதிராகவே படாது. அவர் கடைசியில் ஒப்புக்கொண்டாரே, அதுதான் புதிர். கற்றுக்கொள்வது உலகத்தில் எங்கும் நடக்கிறது. எலி கற்கிறது, காக்கை கற்கிறது, ஆக்டோபஸ்கூடக் கற்கிறது. கற்றுக்கொடுப்பது அப்படியல்ல. கற்றுக்கொடுப்பவர் தன் வேலையை ஓரமாக வைக்க வேண்டும். இரை தேடும் நேரம் போகும், வேகம் குறையும், சில நேரம் ஆபத்தும் வரும். பலன் கிடைப்பதோ இன்னொருவருக்கு. இப்படி ஒரு பழக்கம் எந்த விலங்கிடமாவது நிலைத்திருக்கிறது என்றால், அந்தச் செலவு எங்கோ ஈடுகட்டப்படுகிறது என்று பொருள்.

1992இல் டிம் காரோ, மார்க் ஹவுசர் என்ற இருவர் இந்தக் கேள்விக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து தாயைப் பார்த்துப் பழகிக்கொண்டால் அது கற்றல் மட்டுமே, தாய்க்கு அதில் பங்கில்லை. கற்பித்தல் என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயங்கள் தேவை என்றார்கள். அறியாத ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் ஆசிரியரின் நடத்தை மாற வேண்டும். அந்த மாற்றத்தால் ஆசிரியருக்கு உடனடி லாபம் இருக்கக் கூடாது, இழப்பு இருந்தாலும் இருக்கலாம். மாணவர் தானாகக் கற்பதைவிடச் சீக்கிரமாகவோ செம்மையாகவோ கற்க வேண்டும். மனம், நோக்கம், அன்பு என்ற பேச்சே இந்த வரையறையில் இல்லை. வறட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அளந்து பார்க்க முடிவதை மட்டும் கேட்டதால்தான், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் விடை கிடைத்தது.

இங்கிலாந்தின் தென்கடற்கரைப் பாறை வெடிப்புகளில் டெம்னோதொராக்ஸ் ஆல்பிபென்னிஸ் என்ற எறும்பு வாழ்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். ஓர் எறும்பு உணவையோ நல்ல புதுக்கூட்டையோ கண்டுபிடித்துவிட்டால், வீட்டுக்குத் திரும்பி இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பும். முன்னால் போவது வழி தெரிந்தது, பின்னால் வருவது தெரியாதது. பின்னால் வருவது தன் உணர்கொம்புகளால் முன்னால் போவதன் பின்னங்கால்களையும் வயிற்றையும் தட்டிக்கொண்டே வரும். தட்டல் இருக்கும்வரை முன்னது நடக்கும். தட்டல் நின்றால் அதுவும் நின்றுவிடும். பின்னால் வருவது ஏன் நிற்கிறது? சுற்றிலும் ஒரு வளையம் போட்டு இடத்தைப் பார்த்துக்கொள்கிறது, திரும்பி வரும்போது வழி தெரிய வேண்டுமே! பார்த்து முடித்ததும் மறுபடி வந்து தட்டும், ஓட்டம் தொடரும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நைஜல் ஃபிராங்க்ஸும் டாம் ரிச்சர்ட்சனும் 2006இல் இந்த ஜோடி ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். சீடன் இல்லாமல் போனால் வழிகாட்டி எறும்பு ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக உணவை அடைந்துவிடும். ஆசிரியரின் நஷ்டம் அது. கூட்டி வரப்பட்ட எறும்போ, தானே தேடி அலைவதைவிடச் சீக்கிரம் உணவைக் கண்டுகொண்டது. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன. மனிதரல்லாத ஓர் உயிர் முறைப்படி கற்பிக்கிறது என்பதற்கு அன்றுவரை கிடைத்த மிக வலுவான சான்று, குண்டூசித் தலையைவிடச் சிறிய மூளையிலிருந்து வந்தது.

அடுத்த ஆண்டு அதே குழு இன்னும் குறும்பான ஒன்றைச் செய்து பார்த்தது. ஓட்டத்தின் நடுவில் பின்னால் வரும் எறும்பை எடுத்துவிட்டார்கள். முன்னால் போன எறும்பு நின்றது. சீடன் வந்துவிடும் என்று காத்திருந்தது. அதுவரை கூட்டிவந்த ஓட்டம் நீண்டதாக இருந்தால் காத்திருப்பும் நீண்டது. போய்ச்சேர வேண்டிய கூடு நல்ல கூடாக இருந்தால் இன்னும் கூடுதலாக நின்றது. போட்ட உழைப்பும் வரப்போகும் பலனும் அந்தக் காத்திருப்பில் எப்படியோ எடைபோடப்படுகின்றன. பாசம் என்று இதை அழைக்க எனக்குத் துணிவில்லை. வெறும் அனிச்சைச் செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

இந்த எறும்புகளுக்கு வேறு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கூடு மாறும்போது ஓர் எறும்பு இன்னொன்றைத் தாடையால் கவ்வித் தூக்கிக்கொண்டு போவதுண்டு. ஜோடி ஓட்டத்தைவிட அது சுமார் மூன்று மடங்கு வேகம். ஆனால் தூக்கிப்போகப்படும் எறும்பு தலைகீழாக, பின்பக்கம் பார்த்தபடி தொங்கும். ஊர் போய்ச் சேரும், வழி தெரியாது. அதனால் புதுக்கூட்டில் எறும்புகள் குறைவாக இருக்கும் ஆரம்பத்தில் நடத்திக் கூட்டிப்போகின்றன. வழி தெரிந்தவை போதுமான அளவு சேர்ந்துவிட்டால் மிச்சப்பேரைத் தூக்கிப்போகத் தொடங்கிவிடுகின்றன. எப்போது கற்பிக்க வேண்டும், எப்போது வேலையை முடித்தால் போதும் என்ற வேறுபாடு அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெடை சாகசத்துக்கு ஈடான இன்னொரு பள்ளிக்கூடம் தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் இருக்கிறது. அங்கே பாடப்பொருள் தேள். மீர்கேட் என்னும் சிறு விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, மண்ணைத் தோண்டி இரை பிடிப்பவை. பிறந்து ஒரு மாதம் ஆனதும் குட்டிகள் கூட்டத்தின் பின்னால் கத்திக்கொண்டே ஓடத் தொடங்கும். நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள தேளை அவை தாமாகப் பழக முயன்றால் முதல் பாடமே கடைசிப் பாடமாகிவிடலாம். அதனால் பெரியவை செத்த தேளைக் கொண்டுவந்து கொடுக்கின்றன. குட்டி வளர வளர, கொடுக்கைக் கடித்து எடுத்துவிட்ட உயிருள்ள தேள். கடைசியில் கொடுக்கோடு முழுத்தேள். கொடுத்துவிட்டு ஓடிவிடுவதில்லை, பக்கத்தில் இருந்து பார்க்கின்றன. தேள் தப்பி ஓடினால் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி போடுகின்றன. குட்டி தயங்கினால் தேளை மூக்கால் தள்ளிக்கொடுக்கின்றன.

அலெக்ஸ் தார்ன்டனும் கேத்ரின் மெக்காலிஃபும் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்றுக்குக் கொடுக்கில்லாத உயிருள்ள தேள்கள், இன்னொன்றுக்குச் செத்த தேள்கள், மூன்றாவதற்கு அவித்த முட்டை. மூன்று நாள் இந்தச் சாப்பாடு. நான்காம் நாள் எல்லாவற்றுக்கும் உயிருள்ள தேளைக் கொடுத்தபோது, அதோடு மல்லுக்கட்டிப் பழகிய குட்டிகளே மற்றவற்றைவிட நன்றாகச் சமாளித்தன.

எனக்கு இதில் பிடித்த சோதனை வேறொன்று. பெரியவை குட்டியின் திறமையைப் பார்த்தா பாடத்தை மாற்றுகின்றன? சின்னக் குட்டிகள் இருக்கும் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து, வளர்ந்த குட்டிகள் இரை கேட்டுக் கத்தும் குரலை ஒலிக்கவிட்டார்கள். உடனே பெரியவை உயிருள்ள இரையை அதிகமாகக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கின. வளர்ந்த குட்டிகளிடம் பிஞ்சுக் குரலை ஒலிக்கவிட்டால் செத்த இரை கூடியது. மாணவருக்கு என்ன தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. குரலின் வயதைக் கேட்டு வகுப்பு நிர்ணயிக்கப்படுகிறது. பிறந்த தேதியைப் பார்த்துப் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைக்கும் நாம் சிரிப்பதற்கில்லை.

எறும்பே கற்பிக்கிறது என்றால் சிம்பன்சி எவ்வளவு கற்பிக்க வேண்டும்? அங்கேதான் ஏமாற்றம். கல்லால் கொட்டையை உடைக்க ஒரு சிம்பன்சிக் குட்டி பல ஆண்டுகள் முயல்கிறது. தாய் பக்கத்திலேயே உடைத்துத் தின்றுகொண்டிருப்பாள், குட்டி பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். தாய் நேரடியாகச் செய்துகாட்டியதாகப் பதிவான நிகழ்ச்சிகள் மிகச் சொற்பம். கதை அத்தோடு முடியவில்லை. காங்கோவின் கூவாலூகோ காட்டில் கறையானைக் குத்தி எடுக்கத் தாய்ச் சிம்பன்சிகள் தங்கள் குச்சியைக் குட்டியிடம் விட்டுக்கொடுப்பதை ஸ்டெஃபனி மஸ்கிரேவ் குழுவினர் பதிவுசெய்தார்கள். சில தாய்கள் ஒரே குச்சியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தன. தான்சானியாவின் கோம்பே காட்டுச் சிம்பன்சிகளோடு ஒப்பிட்டு 2020இல் இவர்கள் எழுதியபோது ஒன்று தெளிவாயிற்று. கூவாலூகோவில் கருவி செய்வது சிக்கலான வேலை, அங்கே தாய்கள் கருவியை விட்டுக்கொடுப்பதும் மூன்று மடங்குக்கு மேல் அதிகம். ஒரே இனம், ஒரே அளவு மூளை. பாடம் கடினமான இடத்தில் ஆசிரியர் தோன்றுகிறார்.

கணித மாதிரிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. தானாகவே எளிதில் கற்கக்கூடியதற்கு ஆசிரியர் வீண்செலவு. கற்கவே முடியாததற்கும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே, தனியாகப் போனால் தடுமாறவோ சாகவோ நேரும், ஆனால் கைகொடுத்தால் தேறிவிடலாம் என்ற இடத்தில், அதுவும் மாணவர் நெருங்கிய உறவாக இருந்தால், கற்பித்தல் தழைக்கும். ஓர் எறும்புக்கூட்டின் வேலைக்கார எறும்புகள் எல்லாம் சகோதரிகள். மீர்கேட் கூட்டத்திலும் உறவு அடர்த்திதான். குவை-கானுக்கும் ஓபி-வானுக்கும் இரத்த உறவு இல்லை. மனிதர்கள் இங்கேதான் கணக்கை மீறுகிறார்கள்.

நம் சீடர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டி செய்தார்கள். மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்தி, பிறகு முன்துளையில் விட்டுப் பரிசை எடுத்துக் காட்டுவார்கள். மேல் துளைக்கும் பரிசுக்கும் தொடர்பே இல்லை. உள்ளே தெரியாத பெட்டியில் உகாண்டாவின் இங்காம்பா தீவுச் சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. கண்ணாடி போன்ற பெட்டியைக் கொடுத்ததும் மேல் துளையை விட்டுவிட்டு நேராகப் பரிசுக்குப் போயின. மூன்று நான்கு வயது மனிதக் குழந்தைகள் கண்ணுக்கு முன்னால் பயனில்லை என்று தெரிந்தும் மேல் துளையைக் குத்திக்கொண்டே இருந்தார்கள்.

குழந்தைகள் முட்டாள்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். அமேசானின் துக்கானோ மக்கள் கசப்பு மரவள்ளியைச் சமைப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். துருவி, அலசி, பிழிந்து, சாற்றைத் தனியே காய்ச்சி, திப்பியை இன்னும் இரண்டு நாள் ஊறவிடுகிறார்கள். ஒரு படியை விட்டுவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. மிஞ்சிய சயனைடு உடம்பில் வேலையைக் காட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். இதெல்லாம் எதற்கு என்று அறிவுபூர்வமாகக் கேட்டு இரண்டு படிகளைக் குறைக்கும் சிம்பன்சி மெல்ல நோயாளியாகும். காரணம் புரியாமல் பாட்டி செய்தபடியே செய்கிற பெண் பிழைப்பாள்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனையில் பல விளையாட்டுகளை ஒளித்துவைத்த ஒரு பொம்மை இருந்தது. இழுத்தால் கீச்சிடும், இன்னோரிடத்தில் வெளிச்சம், இன்னோரிடத்தில் இசை, ஒரு மூலையில் கண்ணாடி. சில குழந்தைகளிடம், "இது எப்படி வேலை செய்கிறது பார்" என்கிற தோரணையில் கீச்சொலியைச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிலரிடம் தற்செயலாகக் கை பட்டதுபோல் செய்தார்கள். பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சொலியோடு நின்றுவிட்டார்கள். பாடம் கேட்காதவர்களே அதிகம் துழாவி மற்றவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் ஒன்றை மட்டும் காட்டினால், இருப்பது அவ்வளவுதான் என்று குழந்தை நியாயமாகவே முடிவுசெய்கிறது.

இதனால்தான் ஜெடை வரிசையில் எனக்கு அழுத்தமாகப் படுவது ஐந்தாம் நூல். மெலிடா/டான் கோளில் முதியவர்களின் தலைமுறைப் போரை எதிர்த்துச் சிறுவர்கள் திரள்கிறார்கள். காயம்பட்ட தன் தோழியை அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்கிறார் குவை-கான். ஓபி-வான் மறுத்து, ஜெடை வாழ்வையே உதறிவிட்டுச் சிறுவர்களோடு நின்றுவிடுகிறான். சாகசக் கதைக்கு வில்லன்தான் முக்கியம் என்று நினைக்கும் வாசகர்கள் இதைக் கொஞ்சம் எரிச்சலோடு தாண்டிப்போகலாம். குரு காட்டாத துளையில் சீடன் கையை விடுகிற இடம் அது.

கற்பிக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது என்று தேடியவர்கள் கல் உடைக்கப் போனார்கள். ஓல்டோவன் எனப்படும் ஆதிக் கற்கருவிகள் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள் பெரிதாக மாறாமலே இருந்தன. தாமஸ் மார்கன் குழுவினர் 184 பேரைச் சங்கிலிகளாகப் பிரித்து, ஒருவர் அடுத்தவருக்கு என்ற வரிசையில் கல் சில்லு பெயர்க்கக் கற்கவைத்தார்கள். சிலருக்கு முடிந்த சில்லு மட்டும் கிடைத்தது, சிலர் செய்வதைப் பார்க்க மட்டும் முடிந்தது. சிலருக்குக் கைபிடித்துக் காட்டினார்கள், சிலருக்குச் சைகை, சிலருக்குப் பேச்சு. ஆறாயிரத்துக்கும் அதிகமான சில்லுகளை எடைபோட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பார்ப்பதால் மட்டும் கைத்திறன் பெரிதாகக் கூடவில்லை. கற்பித்தால் கூடியது, பேசிக் கற்பித்தால் மிக நன்றாகக் கூடியது. கூரான சில்லு வேண்டும் என்ற அந்தத் தேவையே கற்பித்தலையும் மொழியையும் நம் மூதாதையரிடம் இழுத்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. சோதனையில் வாய்மூடிக் கற்பித்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே மொழி அறிந்த இன்றைய மனிதர்கள். "இந்த விளிம்பில் அடி, இந்தக் கோணத்தில் அடி" என்ற வாக்கியம் அவர்கள் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், கைதான் அதைச் சைகையாக மாற்றியது. சொல்லே இல்லாத தலையோடு கல்லை ஏந்தியிருந்த ஒருத்தி தன் பிள்ளையின் கையை எப்படித் திருப்பியிருப்பாள் என்பதை இந்தச் சில்லுகளிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.