எலும்பு மஜ்ஜைக் கொடை: வணிகர்கள் அறிய வேண்டியவை

கடைவீதியில் இரத்ததான முகாம் என்றால், கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து கை நீட்டும் வணிகர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் எலும்பு மஜ்ஜைக் கொடை என்றதும் நம்மில் பலர் தயங்குகிறோம். "முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களாம்", "அப்புறம் மூட்டை தூக்க முடியாதாம்", "ஆண்மை போய்விடுமாம்" என்ற பேச்சுகள் வில்லியனூர் கடைவீதியிலும் உண்டு, பாகூரிலும் உண்டு. இவை எதுவும் உண்மையல்ல. உண்மை எது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

மஜ்ஜை என்பது என்ன?

எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதியே மஜ்ஜை. நம் உடலின் இரத்த அணுக்கள் உற்பத்தியாவது அங்கேதான். அந்த உற்பத்தியைச் செய்யும் மூல அணுக்களை ஸ்டெம் செல் என்கிறார்கள். இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் ஆகியவற்றில் இந்த உற்பத்தியே கெட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட நோயாளிகளில் பலருக்கு, நலமான ஒருவரின் ஸ்டெம் செல்லைச் செலுத்துவதே பிழைக்க வழி.

இந்தச் சிகிச்சை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. 1986இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் தொடங்கியது. உலக அளவில் இந்தச் சிகிச்சையை வளர்த்த டாக்டர் டொனால் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

பத்துப் பொருத்தம்

இரத்ததானத்தில் இரத்த வகை சேர்ந்தால் போதும். இங்கே கணக்கு வேறு. எச்.எல்.ஏ. என்னும் அணு அடையாளங்கள் பொருந்த வேண்டும். இரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கல்யாணத்துக்கு நாம் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல், இதிலும் பெரும்பாலும் பத்து அடையாளங்களைப் பார்க்கிறார்கள். பத்தும் சேர்ந்தால் மிக நல்லது.

இந்த அடையாளங்களில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று குடும்பங்கள் சுருங்கிவிட்ட இக்காலத்தில், பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டில் பொருத்தம் கிடைப்பதில்லை. வெளியே தேட வேண்டும். வெளியாரில் பொருந்துபவர் பத்தாயிரத்தில் ஒருவராகவும் இருக்கலாம், பத்து லட்சத்தில் ஒருவராகவும் இருக்கலாம்.

அடையாளங்கள் வம்சாவளியாக வருவதால், ஒரு தமிழருக்குப் பொருத்தம் தமிழரிடையே கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் உள்ளது. ஆனால் அவர்களில் இந்தியர் மிகக் குறைவு.

24 ஆயிரம் பேர் முன்வந்தபோது

இந்தக் குறை எப்படிப்பட்டது என்பதை 2007இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்கள் அனுபவித்தார்கள். ஒருவர் தொழில்முனைவர் சமீர் பாட்டியா, மற்றவர் மருத்துவர் வினய் சக்கரவர்த்தி. இருவருக்கும் இரத்தப் புற்றுநோய். பதிவேட்டில் இந்தியர்கள் சொற்பம் என்பதால் பொருத்தம் அமையவில்லை. நண்பர்கள் கைகோத்து ஊர் ஊராக முகாம் நடத்தினார்கள். 11 வாரங்களில் 24,611 தெற்காசியர்கள் பெயர் கொடுத்தார்கள். இருவருக்கும் கொடையாளர் கிடைத்துச் சிகிச்சையும் நடந்தது. ஆயினும் நோய் திரும்பி, 2008இல் இருவரும் காலமானார்கள்.

அந்த உழைப்பு வீணானதா? இல்லை. அன்று பெயர் கொடுத்தவர்களிடமிருந்து ஓராண்டுக்குள் வேறு நோயாளிகளுக்கு 266 பொருத்தங்கள் கிடைத்தன. ஒருவருக்காகக் கூடும் கூட்டம் முகம் தெரியாத பலருக்குப் பயன்படும் என்பதை நாம் மனதில் கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்னும் பதிவேடு தொடங்கப்பட்டது. இன்று அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் உள்ளது. 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் இது போதாது.

பரிசோதனையும் கொடையும்

பெயர் கொடுப்பது எளிது. 18 முதல் 50 வயதுக்குட்பட்ட நலமானவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, செலவும் இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாங்களே முடிவு கட்டாமல் பதிவேட்டாரைக் கேட்கட்டும். பிறகு அழைப்பு அடுத்த மாதமும் வரலாம், பத்து ஆண்டு கழித்தும் வரலாம், வராமலே போகலாம்.

பொருத்தம் வந்தால் மேலும் இரத்தப் பரிசோதனையும் முழு உடல் பரிசோதனையும் உண்டு. பிறகு பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போடுவார்கள். அது ஸ்டெம் செல்லை இரத்தத்துக்கு வரவழைக்கும். அந்நாட்களில் எலும்பு வலி, தலைவலி, ஜுரம் வந்தாற்போன்ற அசதி இருக்கலாம். பிறகு கையிலிருந்து இரத்தம் ஒரு இயந்திரத்துக்குச் சென்று, ஸ்டெம் செல் மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி உடலுக்கே திரும்பும். இதற்கு நான்கைந்து மணி நேரம். சில நோயாளிகளுக்கு மட்டும் இடுப்பு எலும்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து மஜ்ஜை எடுப்பார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. கொடுத்தது சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும்.

கொடுப்பவருக்குப் பணம் கிடையாது. நோயாளியின் பெயரும் உடனே தெரிவிக்கப்படாது.

சொன்ன சொல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெயர் கொடுத்தவர்களில் பலர் அழைப்பு வந்ததும் பின்வாங்குகிறார்கள். வீட்டில் அழுகிறார்கள், மாமனார் தடுக்கிறார் என்று காரணம் சொல்கிறார்கள். நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன் கடும் மருந்து கொடுத்து, கெட்ட மஜ்ஜையை அடியோடு அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கொடையாளர் "முடியாது" என்றால் நோயாளிக்குத் திரும்ப வழி இல்லை.

சரக்குக்கு ஆர்டர் கொடுத்து, லோடு புறப்பட்ட பிறகு வேண்டாம் என்பவரை மண்டியில் மறுபடி மதிப்பார்களா? அங்கே போவது பணம், இங்கே போவது உயிர். உறுதியில்லாதவர் பெயர் கொடுக்காமல் இருப்பதே நேர்மை. ஒப்புக்கொடுத்த பிறகும் விலக அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் தயக்கம் இருந்தால் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டால், மருத்துவர்கள் வேறு வழி பார்க்க நேரம் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, பெயர் கொடுக்குமுன் மனைவி, பெற்றோரிடம் விளக்கிச் சொல்லுங்கள். பிற்பாடு தடை வருவது பெரும்பாலும் வீட்டிலிருந்துதான்.

இரண்டு, ஐம்பதைத் தாண்டிய வணிகர்கள் வருந்த வேண்டாம். மருத்துவர்கள் அதிகம் விரும்புவது இளைஞர்களையே. பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று, கடைப் பணியாளர்களை வற்புறுத்தாதீர்கள். முதலாளி சொன்னாரே என்று கையெழுத்திடுபவர் பிறகு நிற்கமாட்டார். தானாக முன்வருபவருக்கு, அழைப்பு வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று இப்போதே உறுதி கொடுங்கள்.

நான்கு, தனி ஆளாகக் கடை நடத்தும் மளிகை வியாபாரி ஊசி நாட்களில் கடையை மூட நேரிட்டால், பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐந்து, அடுத்த இரத்ததான முகாமிலேயே பதிவேட்டாரை அழைத்து ஒரு மேசை போடலாம். ஒவ்வொரு மாதிரியையும் சோதிக்கப் பதிவேட்டுக்குச் செலவு உண்டு. சங்கங்கள் அதில் ஒரு பங்கை ஏற்கலாம்.

கோரிமேடு ஜிப்மருக்கு நம் ஊர்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரத்தப் புற்றுநோய்க்கு அங்கே சிகிச்சை பெறுவோரில் நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். அப்பிள்ளைக்குப் பொருந்துபவர் நம் கடைவீதியிலேயே இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். யோசித்து முடிவெடுங்கள், எடுத்த முடிவில் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.