கணிப்பொறிக்குள் ஒரு குறிப்பேடு

மாலை ஏழு மணி. அறிவியல் கண்காட்சிக்கான கட்டுரையைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து, சேமிப்பதற்கான பொத்தானை அழுத்துகிறீர்கள். சில வினாடிகள்கூட ஆகவில்லை, மின்சாரம் நின்றுவிடுகிறது. திரை இருண்டுவிடுகிறது.

அரைமணி நேரம் கழித்து மின்சாரம் வருகிறது. கணிப்பொறியை இயக்குகிறீர்கள். அது வழக்கம்போல் எழுந்து நிற்கிறது. கோப்புகள், படங்கள், பாடல்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

இதில் என்ன வியப்பு என்று கேட்கிறீர்களா? சற்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் நின்ற நொடியில் கணிப்பொறி வன்தட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கும். அந்த வேலை பாதியில் நின்றிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பாதி வேலையைச் சரிசெய்தது யார்?

இதற்கு விடை காண வேண்டுமானால், ஒரு கோப்பு வன்தட்டில் எப்படி எழுதப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கோப்பு, மூன்று வேலைகள்

கணிப்பொறியின் எல்லாக் கருவிகளையும் ஆட்டிவைப்பது இயக்க அமைப்பு. அதன் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நீங்கள் பயன்படுத்தும் எந்த நிரலும் வன்தட்டை நேராகத் தொடுவதில்லை. "இதை எழுது" என்று கெர்னலிடம் சொல்லும்; எழுதுவது கெர்னலின் பொறுப்பு.

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை எடுத்துக்கொள்வோம். அது வன்தட்டின் இடத்தைச் சம அளவுள்ள சிறு அறைகளாகப் பிரித்துக்கொள்கிறது. இவற்றுக்குப் பிளாக் என்று பெயர். வழக்கமாக ஒரு பிளாக்கில் 4096 பைட்டுகள் அடங்கும்.

உங்கள் கட்டுரை ஒரு பக்கம் வளர்ந்து, அதற்குப் புதிதாக ஒரு பிளாக் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கெர்னல் மூன்று இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, கட்டுரையின் எழுத்துகளைப் புதிய பிளாக்கில் எழுத வேண்டும். இரண்டாவது, கோப்பின் விவரச் சீட்டைத் திருத்த வேண்டும். ஐநோடு எனப்படும் இந்தச் சீட்டில்தான் கோப்பின் அளவும், அது எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, காலியிடப் பட்டியலைத் திருத்த வேண்டும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பிட் உண்டு. காலியான பிளாக்குக்கு 0, நிரம்பியதற்கு 1.

மூன்று வேலைகளையும் ஒரே நொடியில் செய்ய முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும். அதுவும் எந்த வரிசையில் நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத வேண்டியவற்றைக் கெர்னல் சிறிது நேரம் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வன்தட்டும் தன் வசதிக்கு ஏற்ப வரிசையை மாற்றிக்கொள்ளும்.

எட்டு முடிவுகள்

மூன்று வேலைகளில் ஒவ்வொன்றும் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆகவே மின்சாரம் நிற்கும்போது 2×2×2 = 8 நிலைகளில் ஏதேனும் ஒன்று ஏற்படும்.

மூன்றும் நடந்துவிட்டால் நல்லது. ஒன்றுமே நடக்காவிட்டாலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். எழுத்துகள் மட்டும் எழுதப்பட்டிருந்தால், புதிய பக்கம் கிடைக்காது. ஆனால் வேறு கெடுதல் இல்லை. ஏனெனில் எழுதப்பட்ட பிளாக் இன்னும் காலி என்றே பட்டியலில் இருக்கிறது. இந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மீதமுள்ள ஐந்து நிலைகளும் தொல்லைதான். பட்டியல் திருத்தப்பட்டு ஐநோடு திருத்தப்படாவிட்டால், யாருக்கும் பயன்படாமல் ஒரு பிளாக் வீணாகும். ஐநோடும் பட்டியலும் திருத்தப்பட்டு எழுத்துகள் எழுதப்படாவிட்டால், கட்டுரையின் நடுவே என்றோ அழிக்கப்பட்ட வேறொரு கோப்பின் குப்பை தோன்றும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஐநோடு திருத்தப்பட்டு, பட்டியல் திருத்தப்படாத நிலை. உங்கள் கட்டுரை இருக்கும் பிளாக் காலி என்று எண்ணி, கெர்னல் அதையே வேறொரு கோப்புக்கும் கொடுத்துவிடும்! ஒரே வீட்டை இருவருக்கு விற்ற கதையாகிவிடும்.

பழைய மருத்துவம்

இந்த நோய்க்கு முன்பு ஒரு மருத்துவம் இருந்தது. மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் இயங்கும்போது, எஃப்.எஸ்.சி.கே. என்னும் நிரல் எல்லா ஐநோடுகளையும் படிக்கும். எல்லா அடைவுகளையும் படிக்கும். காலியிடப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தவறுகளைத் திருத்தும்.

ஆனால் எந்த மூலையில் தவறு என்று அதற்குத் தெரியாது. ஆகவே முழு வன்தட்டிலும் தேட வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு சாவி தொலைந்ததற்கு ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் சோதிப்பதைப் போன்றது இது. வன்தட்டுகள் பெருகப் பெருக, இந்தச் சோதனை நிமிடங்களில் தொடங்கி மணிக்கணக்கில் நீளலாயிற்று. ஒரு மருத்துவமனைக் கணிப்பொறியோ வங்கிக் கணிப்பொறியோ அத்தனை நேரம் காத்திருக்க முடியுமா?

கடைக்காரர் சொல்லும் வழி

மளிகைக் கடையில் கணக்கு எழுதும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? வியாபாரம் நடக்கும்போது கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். ஓய்வு கிடைக்கும்போது அதைப் பார்த்து, ஒவ்வொருவர் கணக்கிலும் பேரேட்டில் எடுத்தெழுதுகிறார். எடுத்தெழுதும்போது யாராவது கூப்பிட்டுப் பாதியில் எழுந்து போனாலும் கவலை இல்லை. குறிப்பேடு இருக்கிறது, திரும்பி வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப் பதிவியலில் இந்தக் குறிப்பேட்டுக்கு ஆங்கிலத்தில் ஜர்னல் என்று பெயர். கெர்னல் செய்வதும் இதுவே. பெயரும் இதுவே!

செய்யப் போவதை முதலில் குறிப்பேட்டில் எழுது, பிறகு செய். இதுதான் முழு இரகசியமும்.

தரவுத்தளங்களை உருவாக்கியவர்கள் இந்த முறையை முன்பே கையாண்டு வந்தார்கள். 1987-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் ஹாக்மன் என்பவர் சீடர் என்னும் கோப்பு அமைப்பில் இதைப் பயன்படுத்தியதை விவரித்துக் கட்டுரை எழுதினார். 1990-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் ஏ.ஐ.எக்ஸ். இயக்க அமைப்பில் இதைச் சேர்த்தது. லினக்ஸுக்காக இதை வடிவமைத்தவர் ஸ்டீபன் ட்வீடி. 1998-இல் தம் திட்டத்தை வெளியிட்டார். 2001 நவம்பரில் அது ஈ.எக்ஸ்.டி.3 என்ற பெயரில் லினக்ஸ் கெர்னலில் இடம் பெற்றது.

அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே இருந்த ஈ.எக்ஸ்.டி.2 அமைப்பை அவர் மாற்றவில்லை. அதற்குள்ளேயே ஒரு மறைவான கோப்பைக் குறிப்பேடாக வைத்தார். 8-ஆம் எண் ஐநோடு அதற்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே வன்தட்டை அழித்து எழுதாமலே, பழைய அமைப்பைப் புதிய அமைப்பாக மாற்றிக்கொள்ள முடிந்தது.

குறிப்பேட்டில் எழுதும் முறை

கெர்னல் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் தனித்தனியாகக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. வழக்கமாக ஐந்து வினாடிகளுக்கு ஒரு முறை, அதுவரை சேர்ந்தவற்றை ஒரே தொகுதியாக எழுதுகிறது.

தொகுதியின் தொடக்கத்தில் ஒரு தலைப்புப் பிளாக் இருக்கும். "இனி வருபவை வன்தட்டின் இன்ன இன்ன இடங்களுக்கு உரியவை" என்பது அதன் பொருள். அடுத்து, திருத்தப்பட்ட பிளாக்குகள் முழுமையாக எழுதப்படும். அவை எல்லாம் பத்திரமாக எழுதப்பட்ட பின்னரே, கடைசியில் ஒரு முடிவுக் குறிப்பு எழுதப்படும்.

இந்த முடிவுக் குறிப்புதான் உயிர்நாடி. பத்திரத்தின் அடியில் இடும் கையெழுத்தைப் போன்றது அது. கையெழுத்து இருந்தால் பத்திரம் செல்லும். இல்லாவிட்டால் வெறும் காகிதம். "பாதி செல்லும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

முடிவுக் குறிப்பு எழுதப்பட்ட பிறகு, கெர்னல் அவசரமில்லாமல் மாற்றங்களை உரிய இடங்களில் எழுதிக்கொள்ளும். எல்லாம் முடிந்தபின் குறிப்பேட்டில் அந்தப் பக்கங்கள் மீண்டும் பயன்படுத்தப்படும். ஆகவே குறிப்பேடு வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும், பெருத்துவிடாது.

மீண்டும் மின்சாரம் வந்தபோது

இப்போது நம் கதைக்கு வருவோம். கணிப்பொறி எழுந்ததும், கடைசியாக அது ஒழுங்காக நிறுத்தப்படவில்லை என்பதைக் கெர்னல் கண்டுகொள்கிறது. குறிப்பேட்டைத் திறந்து மூன்று முறை படிக்கிறது.

முதல் முறை, முடிவுக் குறிப்புள்ள கடைசித் தொகுதி எது என்று தேடுகிறது. தலைப்பு, முடிவு போன்ற குறிப்பேட்டுப் பிளாக்குகளின் தொடக்கத்தில் 3225106840 என்ற அடையாள எண்ணும், தொகுதியின் வரிசை எண்ணும் இருக்கும். இவற்றைக் கொண்டு, புதிய பக்கம் எது, பழைய சுற்றில் எழுதிய பக்கம் எது என்று பிரித்தறிய முடியும். முடிவுக் குறிப்பு இல்லாத தொகுதி தள்ளிவிடப்படுகிறது.

இரண்டாம் முறை, ரத்துக் குறிப்புகளைத் திரட்டுகிறது. இவை எதற்கு? ஓர் அடைவை நீங்கள் அழித்துவிட்டீர்கள். அதன் பிளாக் இப்போது ஒரு புகைப்படத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. குறிப்பேட்டில் அந்த அடைவின் பழைய பிரதி இன்னும் கிடக்கிறது. அதை அப்படியே எடுத்தெழுதினால் புகைப்படம் பாழாகிவிடும். அதனால்தான் அழிக்கும்போதே "இந்தப் பிரதி இனிச் செல்லாது" என்று கெர்னல் எழுதி வைத்துவிடுகிறது.

மூன்றாம் முறைதான் உண்மையான வேலை. செல்லுபடியாகும் தொகுதிகளை உரிய இடங்களில் எழுதிவிடுகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் மின்சாரம் நின்றால்? நல்ல கேள்வி! "இருப்பில் 100 ரூபாய் கூட்டு" என்று குறித்து வைத்திருந்தால், அதை இரண்டு முறை செய்தால் கணக்குத் தவறிவிடும். "இருப்பு 600 ரூபாய் என்று எழுது" என்று குறித்து வைத்திருந்தால், நூறு முறை செய்தாலும் தவறாது. ஈ.எக்ஸ்.டி.3 இரண்டாவது முறையையே பின்பற்றுகிறது. மாற்றத்தை மட்டும் எழுதாமல் முழு பிளாக்கையும் எழுதி வைப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே முழு வன்தட்டையும் தேட வேண்டியதில்லை. குறிப்பேட்டை மட்டும் படித்தால் போதும். குறிப்பேடு 128 மெகாபைட், வன்தட்டு வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை படிக்க ஆகும் நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு!

குறிப்பேடு காக்காதது

எதற்கும் ஒரு விலை உண்டு. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் ஒரு முறை, உரிய இடத்தில் ஒரு முறை என இரண்டு தடவை எழுதினால் வேலை மந்தமாகும். ஆகவே ஈ.எக்ஸ்.டி.3 வழக்கமாக ஐநோடு, காலியிடப் பட்டியல் போன்ற விவரங்களை மட்டுமே குறிப்பேட்டில் எழுதுகிறது. கட்டுரையின் எழுத்துகளை நேராக அவற்றின் இடத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே முடிவுக் குறிப்பை எழுதுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், எழுத்துகள் மட்டும் எழுதப்பட்ட நிலைதான் ஏற்படும். நினைவில் வைக்கச் சொன்னோமே, கெடுதல் இல்லாத அந்த நிலை!

கெடுதல் இல்லைதான், ஆனால் புதிய பக்கம் கிடைக்காது. இதை நன்றாகக் கவனியுங்கள். வன்தட்டின் ஒழுங்கு குலையாமல் காப்பதே குறிப்பேட்டின் முதல் வேலை. கடைசிச் சில வினாடிகளில் நீங்கள் எழுதியது தப்பும் என்று அது வாக்களிக்கவில்லை. சேமிக்காமல் விட்டதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே அடிக்கடி சேமியுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

இன்னொன்று: நாம் கையாளும் பென் டிரைவ்களில் பெரும்பாலும் ஃபேட் வகைக் கோப்பு அமைப்புகளே இருக்கின்றன. அவற்றுக்குக் குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அதை வெடுக்கென்று பிடுங்கினால், நாம் பார்த்த ஐந்து தொல்லைகளும் ஏற்படக்கூடும். முறைப்படி விடுவித்த பிறகே எடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் பத்துக் கட்டங்கள் வரையுங்கள், அதுதான் வன்தட்டு. கட்டங்களுக்கு மேலே காலியிடப் பட்டியலும், பக்கத்தில் கோப்புகளின் விவரச் சீட்டும் எழுதுங்கள். நீங்கள் ஒரு "கோப்பை" எழுதிக்கொண்டிருக்கும்போது, நண்பர் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு நொடியில் "நில்!" என்று சொல்லட்டும். உடனே பேனாவை வைத்துவிடுங்கள். அந்தத் தாளை மட்டும் பார்த்து, எது சரி, எது தவறு என்று மூன்றாவது நண்பர் கண்டுபிடிக்க முடிகிறதா?

பிறகு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, முடிவுக் குறிப்புடன் அதே விளையாட்டை விளையாடுங்கள். எந்த நொடியில் "நில்!" என்றாலும் மூன்றாவது நண்பரால் தாளைச் சரிசெய்ய முடியும். ஏன் என்பதை அவர் உங்களுக்கு விளக்கட்டும்!