கொத்மலை ஓயாவின் மலையிடுக்கு

மலைநாடு என்றதும் சிகரங்களையே எண்ணுவது மக்கள் வழக்கம். சிவனொளிபாதமலையின் உச்சிக்கு டிசம்பர் முதல் மே வரை திரள் திரளாக ஏறுகின்றனர். பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். அம்மலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அவற்றுக்கு வடிவந் தந்த பள்ளங்களையோ பெருந்தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களே மிகுதி. உள்ளே இறங்கி நடந்தவர்கள் சிலர். அவருள்ளும் தோட்டத்து மக்களே பெரும்பாலோர்.

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே பேருந்திற் செல்வோர் இரண்டு அருவிகளைக் காண்பர். ஒன்று 97 மீட்டர் உயரத்திலிருந்து ஒடுங்கிய தாரையாய் விழும் டெவன். மற்றது 80 மீட்டர் உயரமும், இலங்கையின் பிற அருவிகளுக்கு இல்லாத அகலமும் கொண்ட சென் கிளேயர். முன்னதற்கு ஒரு கோப்பித் தோட்டத் துரையின் பெயர் நிலைத்துவிட்டது; பின்னதற்கு அது விழும் தேயிலைத் தோட்டத்தின் பெயர். இரண்டின் நீரும் கொத்மலை ஓயாவுக்கே உரியது. ஆக்ர ஓயா, நானு ஓயா முதலிய சிற்றாறுகள் கூடியதால் பெருகிய இவ்வாறு, தலவாக்கலை வரை ஒருவாறு அடங்கி வந்து, சென் கிளேயரில் தலைகுப்புற விழுந்து, அதன்பின் செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே நெருக்குண்டு கொத்மலையை நோக்கி ஓடுகிறது. இத்தகைய ஒடுங்கிய ஆழ்பள்ளத்தையே புவியியலார் மலையிடுக்கு என்பர்.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் மலையிடுக்குகள் பெயர் பெற்றவை. சுவிட்சர்லாந்தில் மைரிங்கன் என்னும் ஊருக்கு அருகே ஆரே ஆறு 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையைப் பிளந்திருக்கிறது. சுவரோடு பொருத்திய நடைபாதையில் 1888 முதல் மக்கள் அதனூடே நடக்கின்றனர். ஆனால் அங்கே அறுபட்டது சுண்ணாம்புக்கல். அறுத்தது பனிக்கட்டியாறு உருகிய நீர். மலைநாட்டிலோ பனிக்கட்டியாறு இருந்ததில்லை. கல்லும் வேறு. இங்குள்ள பழம்பாறைகளில் ஒன்று சார்ணோகைட். சென்னையை அடுத்த பறங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ளதும் அதே இனம். கல்கத்தாவில் யோப் சார்ணொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை மேல் வைத்த கல் இவ்வினத்தது ஆதலின் அவர் பெயரே பாறைக்கும் வந்தது.

இத்துணை வன்மையுள்ள பாறையை நீர் எவ்வாறு அறுக்கிறது? நீர் மட்டும் அறுப்பதில்லை. பாறையில் முன்னரே வெடிப்புகள் நேர்கோடாக ஓடுகின்றன. ஆறு அவ்வெடிப்புகளைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. மலையிடுக்கு ஒன்று சிறிது தூரம் நேராகச் சென்று திடீரென மடங்குவதைக் காண்பவர், ஆறு ஒரு வெடிப்பை விட்டு மற்றொன்றுக்குத் தாவியதையே காண்கிறார். வெள்ளம் உருட்டி வரும் கூழாங்கற்கள் ஒரு பள்ளத்தில் அகப்பட்டுச் சுழன்றால், அம்மிக்குழவி போல அரைத்து அரைத்து அதனைக் குடம் போல ஆழமாக்கிவிடும். வாய் சிறுத்தும் வயிறு பருத்தும் இருக்கும் இக்குழிகளே நீராடுவோருக்குக் கூற்றுவன். மேலே நீர் அசைவின்றித் தோன்றும். உள்ளே சுழல் இருக்கும். பக்கங்கள் வழவழப்பானவை, பற்றி ஏற ஒரு பிடியும் இராது. கெகெல்கமு ஓயாவில் 98 மீட்டர் விழும் அபர்தீன் அருவியின் அடியில் நீராடச் சென்று மீளாதவர் பலர்.

மலைநாடு படிப்படியாய் அமைந்தது ஏன் என்பது பழைய விவாதம். 1929இல் ஆடம்ஸ் என்பார் இலங்கை நிலம் மூன்று படிகளாக உள்ளது என்றார். பின்னர் இலங்கை அரசின் கனிப்பொருளியலாளராய் இருந்த வாடியா, நிலத்தின் பெரும் பாளங்கள் மேலே தள்ளப்பட்டமையே காரணம் என்றார். காரணம் எதுவாயினும், ஆறு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் இடத்திலே அருவியையும் மலையிடுக்கையும் தேடலாம்.

அங்கே செல்லும் வழிகள் சுற்றுலாவுக்கென வெட்டப்பட்டவை அல்ல. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மண்வெட்டியால் வெட்டியவையே இவை. லயத்திலிருந்து கொழுந்து மலைக்கு ஒரு பாதை, பீலிக்கு ஒரு பாதை, விறகுக்கு ஆற்றோரக் காட்டில் இறங்க ஒரு குறுக்குப்பாதை. 2023இல் திறந்த பீக்கோ நடைபாதை கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கும் மேல் செல்வது. அதுவும் பெரும்பாலும் இப்பழந் தோட்டப் பாதைகளைத் தொடுத்ததே. வெளிநாட்டார் வரைபடத்தில் பார்த்து மகிழும் வளைவுகளை, கூடை சுமந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலால் அறிந்திருந்தனர் என்பதை அங்கு நடப்போர் நினைத்துப் பார்த்தல் தகும்.

நடப்பதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறட்சி மாதங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆற்றுக்குள் இறங்குதல் கூடாது. அக்டோபர், நவம்பரில் காலை வெயில் மனத்தை மயக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஆகவே விடியலில் இறங்கி நண்பகலுக்குள் மேலேறிவிடுதல் நலம். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் போதும். வெள்ளத்திற்கு மருந்தில்லை. மலையிடுக்கில் நிற்பவர் தலைக்கு மேலே கீற்று வானத்தையே காண்பார். மழையோ பல மைல்களுக்கு அப்பால் ஊற்றுப் பக்கத்தில் பெய்யும். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சலின் சுருதி தாழ்வது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களைத் தேடி நிற்காமல் உயரே ஏறவேண்டும். ஆற்றின் போக்கில் ஓடுவது பயனற்றது.

கொத்மலை ஓயாவில் வானத்தை மட்டும் பார்த்தாற் போதாது. தலவாக்கலையில் 35.5 மீட்டர் உயரமான ஓர் அணை நிற்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் அது. அணையில் மறிக்கும் நீர் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே மலைக்குள் சென்று, நியம்கம்தொரவில் நிலத்தடி மின்நிலையத்தைச் சுழற்றி 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. நெடுங்காலம் எதிர்ப்புக்கு உள்ளான திட்டம் இது. அருவிகள் அழியும், சரிவுகள் இடியும் என மலையக மக்கள் அஞ்சினர். பழைய திட்டம் சுருக்கப்பட்டு, டெவன் முதலியன தப்பின. சென் கிளேயர் தப்பவில்லை. அதற்குப் பகலிற் குறித்த நேரம் மட்டும் நீர் விடுவது என்று ஏற்பாடாயிற்று. அருவி நேரங் கேட்டு விழும் நிலை ஒரு விந்தைதான்.

ஆனால் நடப்போருக்கு அது விந்தையாக நின்றுவிடுவதில்லை. வற்றிக் கிடக்கும் பாறைப் படுகை, நடந்துபார் என்று அழைக்கும். பெருமழையில் நீர்த்தேக்கம் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். அப்போது நீர் மெல்ல ஏறாது, ஒருசேர வரும். கதவு திறக்கு முன் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. ஊருக்குப் புதியவர் அவ்வொலியின் பொருளை முதலில் லயத்தாரிடம் கேட்டறிந்த பின்னரே கீழே இறங்கவேண்டும். கித்துல்கலயில் ஓடைகளுக்குள் இறங்கும் விளையாட்டை நடத்துவோர் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் வழிகாட்டியும் தருகின்றனர். தனியே போகிறவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

சரிவுகளின் நிலையும் அறியத்தக்கது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொணர்ந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. லயங்கள் பல இத்தகைய சரிவுகளின் அடியிலேயே நிற்கின்றன. நடக்க வந்தவர் திரும்பிப் போகலாம், அங்கு வாழ்வோர் எங்கே போவது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் அறிவிப்பு வந்த நாளிலேயே மலையிடுக்கின் பக்கம் போகாதிருப்பது அறிவுடைமை. மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் ஊறும் கலங்கல் நீர் ஆகியவற்றைத் தோட்டத்து முதியோர் காலையிலேயே கண்டு சொல்லிவிடுவர்.

பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில், மலைக்குள் மறைந்து சென்ற நீர் மின்நிலையத்தைக் கடந்து மீண்டும் ஆற்றோடு சேர்கிறது. அங்கிருந்து 1985இல் முடிந்த கொத்மலை நீர்த்தேக்கம் தொலைவில்லை. கோடையில் அதன் நீர் வற்றும்போது, மூழ்கிப்போன கடதொர ஊரின் பழைய விகாரை சேற்றிலிருந்து தலைகாட்டும். அதையும் கடந்த நீர் மகாவலியாகித் திருகோணமலைக் கடலை நாடிச் செல்கிறது.