சம்பளக் கணக்கில் ஒரு வரி

மாதம் பிறந்தால்

மறைமலை நகரில் மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டதென்பதை நாட்காட்டி பார்த்து அறியவேண்டியதில்லை. ஒரகடத்துக்கு ஷிப்ட் பஸ் ஏறக் காத்திருக்கும் தொழிலாளர், ஜி.எஸ்.டி. சாலையோரத் தேநீர்க் கடையில் ஒரு கையில் டம்ளரும் மறு கையில் கைபேசியுமாக நின்று, பி.எஃப். போனது எவ்வளவு, வண்டித் தவணை போனது எவ்வளவு, சீட்டுக்குக் கட்டவேண்டியது எவ்வளவு என்று உதட்டசைவில் கணக்குப் போடும் காட்சியே அதைச் சொல்லிவிடும். அந்தக் கணக்கில், புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காக மாதந்தோறும் கொடுக்கும் நன்கொடை என்று இன்னொரு சிறு வரிக்கு இடமுண்டா என்பதே இங்கு விஷயம்.

சென்னையில் படித்தவர் கண்ட மருந்து

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கே. அது கண்ட குழந்தை சில மாதங்களில் மடிவது நிச்சயம் என்று வைத்தியர் கைவிட்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தம் சகாக்களுடன் உருவாக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தை, பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியதை 1948இல் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம், ‘ஜிம்மி’ என்று புனைபெயர் சூட்டப்பட்ட நோயாளிச் சிறுவன் ஒருவனின் குரல் வானொலியில் ஒலிக்க, கேட்ட நேயர்கள் ஃபார்பரின் ஆராய்ச்சிக்கென்று அனுப்பிய காசு 2 லட்சம் டாலரைத் தாண்டிற்று. அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் சிகிச்சையில் இருந்துவருகிறது.

அடையாற்றின் பன்னிரண்டு படுக்கைகள்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளுடன் திறந்ததே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. 1955இல் அங்குச் சேர்ந்து 2021இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டிருந்த டாக்டர் வி. சாந்தா போன்றோரின் உழைப்பால், சென்னை, மும்பை, டெல்லி ஆகிய 3 நகரங்களின் மருத்துவமனைகள் 1980களின் நடுவில் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டு, ஒரே விதமாகக் குறிப்பெழுதி, பல்லாண்டு ஒப்பிட்டுப் பார்த்தன. ஐந்தில் ஒரு குழந்தை தேறுவதே அரிதாயிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கலாயினர். இதில் புதிய மருந்தின் மகிமையைவிடப் பொறுமையான கணக்கெழுத்தின் மகிமையே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் மாதந்தோறும்?

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். அது முடிந்தபின்னும் நோய் திரும்பவில்லையென்று உறுதிசெய்யப் பல ஆண்டுகள் கவனிக்கவேண்டும். மொத்தமாக வரும் பெருந்தொகை கட்டடமாகிறது, கல்வெட்டாகிறது. கோயில் குழல்விளக்கில் வெளிச்சமே மறையும்படி ‘உபயம்’ எழுதும் நம் சுபாவத்துக்கு அது உகந்தது. ஆனால் பதிவேடு எழுதுபவரின் சம்பளமும், வெளியூர்த் தாய் தங்கும் அறையின் வாடகையும், குழந்தையின் பாலும் முட்டையும் மாதந்தோறும் வரும் செலவுகள். அவற்றை மாதந்தோறும் வரும் பணமே தாங்கும். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட குழந்தைகள் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் அது 30ஐ எட்டாதிருப்பதற்கு, பாதியில் நின்றுபோகும் சிகிச்சையும் ஒரு காரணம். 2030க்குள் எங்கும் 60ஆவது ஆகவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது.

பெற்றோர் கவனத்துக்கு

காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளுத்துப்போன முகம், அடிபடாமலே தோன்றும் கன்றல், கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, இரவில் எழுப்பும் எலும்பு வலி, காலையில் தலைவலியோடு வாந்தி, புகைப்படத்தில் கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிதல்: இவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும், இருக்கட்டும். புற்றுநோய் தொற்றுநோயன்று, யார் செய்த பாவமுமன்று.

பதிவேட்டின் வெற்றுக் கட்டம்

கொடுக்க விரும்புவோர், வாட்ஸப்பில் உலவும் குழந்தைப் படங்களை நம்பாமல், மருத்துவமனைக்கோ பதிவுபெற்ற அறக்கட்டளைக்கோ நேராக, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து, ரசீது கேட்டு வாங்குவது நன்று. ஆராய்ச்சிக்கா, சிகிச்சைக்கா என்றும் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். என்னைக் கேட்டால், தொடர்கண்காணிப்புக்கு என்பேன். சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை, நன்றாகத்தானே இருக்கிறான் என்று, ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் எண்ணித் தகப்பன் மறுபரிசோதனைக்கு அழைத்துவராமல் விட்டுவிடுகிறான். பிள்ளை சௌக்கியமாகவே இருப்பான், ஆனால் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஐந்தாம் ஆண்டுக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும், அவனுக்குக் கொடுத்த மருந்து அவனைக் காத்ததா இல்லையா என்று அடுத்த குழந்தையின் வைத்தியருக்குத் தெரியாது.