நேரம் குறித்து இயங்கும் வரைபட நிரல்கள்: சூழலும் பிழையும்

1. முன்னுரை

மொழித் தரவுத் தொகுதிகளைக் கொண்டு ஆய்வு செய்வோர் சொல் நிகழ்வெண், சொல் நீளம், எழுத்துப் பரவல் முதலியவற்றை வரைபடமாக அமைத்துக் காண்பது இன்று பொது வழக்காகியுள்ளது. தொகுதி நாள்தோறும் வளருமாயின் வரைபடத்தையும் நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும். இப்பணியை ஆள் துணையின்றி இரவில் முடிக்குமாறு கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாம். யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் இதற்கெனக் கிரான் என்னும் நிரல் உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இது இடம்பெற்றது. கிரான் அட்டவணையில் '30 2 * * *' என்று தொடங்கும் ஒரு வரி, நாள்தோறும் அதிகாலை 2.30 மணிக்கு ஒரு கட்டளையை இயக்கும்.

கையால் இயக்கும்போது செம்மையாகப் படம் வரையும் நிரல், கிரான் வழி இயங்கும்போது படம் தராமல் நின்றுவிடுவது உண்டு. சில வேளைகளில் படம் கிடைக்கிறது. ஆனால் அது தவறான படமாக இருக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் உரிய காரணங்களையும் அவற்றை நீக்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. சொல்லாமல் விடப்பட்டவை

'அதை இங்கே வை' என்னும் தொடர், பேசுவோன் நிற்கும் இடத்தை அறியாதவருக்கு முழுப்பொருள் தருவதில்லை. சுட்டுச் சொற்களின் பொருளைச் சூழலே நிரப்புகிறது. நிரலும் இத்தகையதே. கோப்பின் பெயரை மட்டும் தந்து 'சேமி' என்றால், 'இங்கே சேமி' என்பது பொருள். 'பைத்தானை இயக்கு' என்றால் எந்தப் பைத்தான் என்பது சொல்லப்படவில்லை. 'வரைந்து காட்டு' என்றால் எந்தத் திரையில் என்பது சொல்லப்படவில்லை. பயனர் முனையத்தின் முன் அமர்ந்திருக்கும்போது இவ்வினாக்களுக்கான விடைகளை அவருடைய உள்நுழைவு அமைப்புகள் வழங்கிவிடுகின்றன. கிரான் அவ்வமைப்புகளைப் படிப்பதில்லை. எனவே நிரலில் எழுத்துப் பிழை ஏதும் இல்லாதபோதும் அது பொருள் இழக்கிறது.

3. வெளிப்படையான தடைகள்

3.1 பாதை: கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளைக் குறிக்கும் மாறி 'பாத்' எனப்படும். பல கிரான் அமைப்புகளில் இதன் மதிப்பு இரண்டு அடிப்படை அடைவுகளோடு நின்றுவிடுகிறது. பயனர் தமக்கென நிறுவிய பைத்தான் அவற்றில் இராது. அங்கு வேறொரு பைத்தான் இருப்பின் அதுவே இயங்கும். அதில் வரைபட நூலகம் இல்லையெனில் பணி நின்றுவிடும். பணி தொடங்கும் அடைவும் பயனரின் இல்ல அடைவே அன்றி, நிரல் இருக்கும் அடைவு அன்று. இயக்கும் நிரல், தரவுக் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு ஆகிய மூன்றுக்கும் முழுப் பாதையை எழுதுவதே இதற்குரிய தீர்வாகும்.

3.2 திரை: க்னூபிளாட் 1986இல் தோன்றிய வரைபட நிரல். வெளியீட்டு வகையைக் குறிப்பிடாவிடில் அது பெரும்பாலும் சாளரத்தில் வரையவே முயலும். சாளரம் திறக்க 'டிஸ்ப்ளே' என்னும் மாறி வேண்டும். கிரானில் அது இல்லை. வெளியீட்டு வகையையும் கோப்புப் பெயரையும் நிரலிலேயே அறிவித்தால் சாளரம் தேவைப்படாது. பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகம், 2018இல் வந்த 3.0 பதிப்பு முதல், திரை இல்லாதவிடத்து 'ஆக்' எனப்படும் கோப்பு வரைவு முறைக்குத் தானே மாறிக்கொள்கிறது. முந்தைய பதிப்புகளில் இதை நிரலர் குறிப்பிட வேண்டியிருந்தது. எப்பதிப்பாயினும், 'காட்டு' என்னும் கட்டளையோடு முடியும் நிரல் திரையற்ற சூழலில் எதையும் விட்டுச் செல்லாது. 'சேமி' என்னும் கட்டளை இன்றியமையாதது.

3.3 விழுக்காட்டுக் குறி: படத்தின் பெயரில் அன்றைய நாளைச் சேர்க்க விரும்புவோர் நாட்கட்டளையில் % குறியை எழுதுவர். கிரான் அட்டவணையில் இக்குறி வரி முறிவாகக் கொள்ளப்படும். முதற்குறிக்குப் பின் வருவன கட்டளையின் உள்ளீடாகிவிடும். குறிக்கு முன் பின்சாய்கோடு இடலாம். கட்டளை முழுவதையும் தனிக் கோப்பில் எழுதி, அட்டவணையில் அக்கோப்பை மட்டும் அழைப்பது இதனினும் நன்று.

4. வெளித்தெரியாத பிழைகள்

மேற்கூறியவை பணியை நிறுத்துவதால் விரைவில் கண்ணுக்குப் புலனாகும். பணி நிற்காமல் தவறான படத்தைத் தரும் பிழைகளே ஆய்வுக்குப் பெருங்கேடு விளைப்பன.

4.1 எண்ணும் அலகு: மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் குறிக்கும் வட்டார அமைப்பு, கிரான் சூழலில் பெரும்பாலும் 'சி' எனப்படும் அடிப்படை நிலைக்கு இறங்கிவிடுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் குனுவின் 'ஆக்' கருவி கொண்டு அளந்தால், முனையத்தில் யுடிஎஃப்-8 அமைப்பின்கீழ் 5 என விடை வரும். இரவில் 'சி' அமைப்பின்கீழ் 15 என வரும். முன்னது குறியீடுகளின் எண்ணிக்கை. பின்னது பைட்டுகளின் எண்ணிக்கை. தமிழ் இலக்கண முறைப்படி இச்சொல்லின் எழுத்துகள் 3. அதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் எவ்வமைப்பிலும் 5 என்றே வரும்.

இதன் விளைவு சிறிதன்று. ஆங்கில மூலத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டுச் சொல் நீள வரைபடம் வரைவதாகக் கொள்வோம். பைட்டுகளை எண்ணிய படத்தில் தமிழ்ச் சொற்கள், குறியீடுகளை எண்ணிய படத்தைக் காட்டிலும் மும்மடங்கு நீண்டு தோன்றும். மொழிபெயர்ப்பு கடினமானது, நீண்ட சொற்களால் ஆனது என்னும் முடிவு அதிலிருந்து எழலாம். படத்தில் பிழைக்கான அடையாளம் எதுவும் இராது. வட்டார அமைப்பை நிரலின் தொடக்கத்திலேயே அறிவிப்பது முதல் தீர்வு. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அவற்றுக்கு முன்னுள்ள மெய்யோடு சேர்த்து ஓரலகாக எண்ணுவது முழுமையான தீர்வு.

4.2 வரிசை: 'சி' அமைப்பில் சொற்கள் குறியீட்டு எண்ணின்படி அடுக்கப்படுகின்றன. யுனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வை அடுத்தும், 'ற' என்பது 'ர'வை அடுத்தும் அமைந்துள்ளன. ஆகவே மெய்யெழுத்துப் பரவல் காட்டும் படத்தின் கிடையச்சு நெடுங்கணக்கு முறையிலிருந்து பிறழும்.

4.3 எழுத்துரு: பணி வேறொரு பயனர் பெயரில் இயங்குமாயின், முதற்பயனர் தம் இல்ல அடைவில் நிறுவிய தமிழ் எழுத்துரு அதற்குக் கிட்டாது. வேறு தமிழ் எழுத்துரு இல்லையெனில் அச்சுப் பெயர்கள் வெற்றுக் கட்டங்களாக வரும். எழுத்துருவை அமைப்பு முழுமைக்கும் பொதுவாக நிறுவ வேண்டும்.

4.4 பழைய படம்: பணி இடையில் நின்றால் முதல் நாள் படமே அடைவில் எஞ்சி, புதிய படமாகக் கொள்ளப்படலாம். புதிய படத்தைத் தற்காலிகப் பெயரில் எழுதி, பணி வெற்றியுடன் முடிந்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றுதல் வேண்டும். படத்தின் ஓரத்தில் நாளையும் மொத்தச் சொல் எண்ணிக்கையையும் அச்சிடுவது பயன் தரும்.

5. கண்டறியும் முறை

முதலாவதாக, பிழைச் செய்திகளைக் காக்க வேண்டும். கிரான் அவற்றை மின்னஞ்சல் வழி அனுப்ப முயலும். அஞ்சல் வசதி இல்லாத கணிப்பொறியில் அவை மறைந்துபோகும். கட்டளையின் வெளியீட்டை ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பி, இறுதியில் 2>&1 எனச் சேர்த்தால் பிழைச் செய்திகளும் அக்கோப்பில் பதியும். இரண்டாவதாக, சூழல் மாறிகளைப் பட்டியலிடும் 'என்வ்' கட்டளையைக் கிரான் வழியாகவும் முனையத்திலும் இயக்கி, இரு பட்டியல்களையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடுகளுள் பெரும்பாலானவை அங்கேயே தெரியும். மூன்றாவதாக, கிரான் பட்டியலில் உள்ள மாறிகளை மட்டும் கொண்ட வெறுஞ்சூழலில் நிரலைக் கையால் இயக்கிப் பார்க்க வேண்டும். நான்காவதாக, விடை தெரிந்த சிறு தரவு ஒன்றை நிரலுக்குத் தந்து சோதிக்க வேண்டும். 'தமிழ்' என்னும் ஒரு சொல்லே இதற்குப் போதும். விடை 3 வராவிடில் அன்றைய படத்தை வெளியிடாதிருக்குமாறு நிரலை அமைக்கலாம்.

6. முடிவுரை

நேரம் குறித்து இயங்கும் நிரல் தோல்வியுறுவதற்குப் பெரும்பான்மைக் காரணம், அது தன் சூழலைச் சொல்லாமல் விட்டிருப்பதே. இடம், இயக்கும் நிரல், வெளியீட்டு வகை, வட்டார அமைப்பு, எழுத்துரு ஆகிய ஐந்தையும் நிரலிலோ அதை இயக்கும் கட்டளையிலோ வெளிப்படையாக எழுதினால், அது எங்கு யார் இயக்கினும் ஒரே பொருள் தரும். படம் வரவில்லை என்பது ஒரு நாள் இழப்பு மட்டுமே. வந்த படம் எதை எண்ணியது என்பதை உறுதி செய்யாமல் முடிவுரைப்பது அம்மொழியைப் பற்றிய தவறான செய்தியாக நிலைத்துவிடும்.