வலிக்கு ஏன் மனச்சோர்வு மாத்திரை?

உடலெங்கும் பரவிய வலி, விடிந்தும் நீங்காத களைப்பு, உறங்கி எழுந்தும் உறங்காதது போன்ற சோர்வு, சிறு விடயங்களிலும் மறதி. இவற்றுடன் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், வைத்தியர்களை நாடி அலைகின்றவர்கள் எம் மத்தியில் பலர் உள்ளனர். இவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இரத்தப் பரிசோதனையில் குறையில்லை, எக்ஸ்ரே படத்திலும் எதுவும் தென்படுவதில்லை, மூட்டுகளில் வீக்கமும் இல்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற பதிலைப் பல இடங்களிலும் கேட்டுச் சலித்த பின்னர், இது பைப்ரோமயல்ஜியா என ஒரு வைத்திய நிபுணர் பெயர் சொல்லி மருந்து எழுதிக் கொடுக்கின்றார். அந்தத் துண்டைப் பாமசியில் நீட்டியதும், இது மனச்சோர்வுக்கான மாத்திரை என்றோ வலிப்பு நோய்க்கான மாத்திரை என்றோ சொல்லப்படுகின்றது. வீடு திரும்பியதும் மாத்திரைகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. மறுநாள் முதல் வழமை போல் பனடோலும் வலிநிவாரணிகளும் தொடர்கின்றன.

"எனக்கு மனநோய் என்று வைத்தியர் நினைக்கின்றார்" என்ற மனத்தாங்கலே இதற்குக் காரணம். மனநோய் என்ற சொல் எமது சமூகங்களில் ஒரு குடும்பத்தின் திருமணப் பேச்சுவரை பாதிக்கக் கூடியது என்பதால் அந்த அச்சத்தை நாம் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் அது ஒரு தவறான விளக்கத்தின் மீது எழுந்த அச்சமாகும்.

பைப்ரோமயல்ஜியாவில் தசையோ மூட்டோ சிதைவதில்லை. வலியை உணர்த்துகின்ற நரம்பு மண்டலமே மிகையாகச் செயற்படுகின்றது. சாதாரணமாக ஒருவருக்கு வெறும் அழுத்தமாகத் தெரிவது இந்நோயாளிக்கு வலியாகத் தெரிகின்றது. உடலிலிருந்து மேலெழும் வலிச் சமிக்ஞைகளை மூளை முண்ணாண் வழியாகக் கீழ்நோக்கி அனுப்பும் சமிக்ஞைகளால் அடக்கி வைப்பது வழமை. இந்த அடக்கும் பணிக்குச் செரட்டோனின், நோரட்ரினலின் ஆகிய இரசாயனங்கள் தேவைப்படுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இதே இரண்டு இரசாயனங்களின் அளவையே உயர்த்துகின்றன. ஒரே மருந்து இரு வேறு நோய்களுக்குப் பயன்படுவதன் காரணம் இதுவே.

அளவைப் பார்த்தாலும் இது தெளிவாகும். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் மருந்து பொதுவாக 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுவதுண்டு. பைப்ரோமயல்ஜியாவுக்கோ இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமுடன் ஆரம்பிக்கப்படுகின்றது. மனச்சோர்வைத் தீர்ப்பதற்கு இந்தச் சிறிய அளவு போதுமானதன்று. வலியைத் தணித்து உறக்கத்தைச் சீர்செய்வதற்கே வைத்தியர் அதனை எழுதுகின்றார். வலிப்பு நோய்க்கென உருவான பிரிகாபலின், நரம்பு முனைகளில் கல்சியம் உட்புகுவதைக் குறைப்பதன் மூலம், வலிச் செய்தியைக் கடத்தும் பொருட்கள் வெளிப்படுவதைக் கட்டுப்படுத்துகின்றது. அதை உட்கொள்பவருக்கு வலிப்பு இருப்பதாகப் பொருளில்லை.

ஆனால் இம்மருந்துகள் வலியை முற்றாக நீக்கிவிடும் என எண்ணுவதும் தவறு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 இல் பிரிகாபலினையும், 2008 இல் டுலொக்சட்டினையும், 2009 இல் மில்நசிப்ரானையும் இந்நோய்க்கென அங்கீகரித்தது. அதே காலப்பகுதியில் ஐரோப்பிய மருந்து முகவர் நிலையம் இம்மூன்றையுமே இந்நோய்க்கு அங்கீகரிக்க மறுத்தது. கிடைக்கும் பயன் சிறிது, அது நீண்டகாலம் நிலைக்கும் என்பது போதியளவு நிரூபிக்கப்படவில்லை என்பதே ஐரோப்பியத் தரப்பின் வாதமாக இருந்தது. பெரும்பாலும் அதே ஆய்வுகளையே படித்த இரு அமைப்புகள் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தமை வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். சிலருக்கேனும் நல்ல பயன் கிடைப்பது போதும் என ஒரு தரப்பும், அது போதாது என மறு தரப்பும் கருதியமையே இந்த வேறுபாட்டின் அடிப்படை என்பது எமது கணிப்பு.

எண்ணிக்கையில் சொல்வதாயின், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் டுலொக்சட்டின் உட்கொள்ளும் எட்டுப் பேரில் ஒருவருக்கே, மருந்தற்ற போலி மாத்திரையால் கிடைப்பதற்கு மேலதிகமாக, வலி பாதியாகக் குறைகின்றது. பிரிகாபலினில் இது ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர். அந்த ஒருவருக்கு வலியுடன் உறக்கமும் அன்றாட வேலையும் சீரடைவதுண்டு. ஏனையோருக்கு மிகச் சிறிய பயனோ அல்லது பக்க விளைவுகள் மாத்திரமோ மிஞ்சுகின்றன. தாம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றோம் என்பதைச் சில வாரங்கள் ஒழுங்காக உட்கொண்டு பார்க்காமல் அறிய வழியில்லை. இரண்டு நாட்களில் கைவிடுவதும், பயனே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் ஒரேயளவு பிழையாகும்.

இதற்கு மாறாக, மக்கள் நம்பியிருக்கும் மருந்துகளின் நிலை என்ன? ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவை வீக்கத்தைத் தணிப்பவை. இந்நோயில் தணிப்பதற்கு வீக்கமே இல்லை. நீண்டகாலம் உட்கொண்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம் என்பதைச் சிறுநீரக நோய் பரவலாகவுள்ள இந்நாட்டில் நாம் மீண்டும் மீண்டும் சொல்லியாக வேண்டியுள்ளது. மோர்பின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணிகளும் இந்நோய்க்கு உகந்தவையல்ல. வாதநோய்களுக்கான ஐரோப்பிய அமைப்பு 2016 இல் வெளியிட்ட பரிந்துரைகள் இவ்விரு வகைகளையும் தவிர்க்குமாறு கூறின. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021 இல் மேலும் ஒரு படி சென்று, பைப்ரோமயல்ஜியா உள்ளிட்ட நாட்பட்ட வலிகளுக்குப் பரசிட்டமோலையும் பிரிகாபலினையும் கூடப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என அறிவுறுத்தியது. மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றையே அது அனுமதித்தது. 2025 ஆகஸ்டில் சைக்குளோபென்சப்ரின் என்ற பழைய தசைத் தளர்த்தியை, இரவில் நாவின் கீழ் வைத்துக் கரைக்கும் வடிவில், அமெரிக்கா இந்நோய்க்கு அங்கீகரித்துள்ளது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்நோய்க்கெனப் புதிதாக எந்த மருந்தும் அங்கு அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை.

பிரிகாபலினைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். இவ்வில்லைகள் பெருந்தொகையாகக் கைப்பற்றப்பட்டதாகவும் இளைஞர்கள் கைது செய்யப்பட்டதாகவும் வரும் செய்திகளை எமது வாசகர்கள் நன்கறிவர். போதைக்காக இது துஷ்பிரயோகம் செய்யப்படுவது உண்மை. பிரித்தானியாவிலும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதனால் உண்மையான நோயாளி ஒருவர் பாமசியில் சந்தேகப் பார்வைக்கு உள்ளாவது வேதனைக்குரியது. ஆயினும் வீட்டில் இவ்வில்லைகளைப் பூட்டி வைப்பதும், எண்ணி வைப்பதும், அயலவருக்கோ உறவினருக்கோ "எனக்குச் சுகம் தந்தது" எனக் கொடுக்காதிருப்பதும் நோயாளியின் பொறுப்பாகும். மோர்பின் வகை மருந்துகளுடனோ மதுவுடனோ சேரும்போது இது சுவாசத்தைத் தளர்த்தக் கூடியது. கர்ப்பகாலத்தில் சிசுவுக்குச் சிறிதளவு ஆபத்து உண்டெனப் பிரித்தானிய அதிகாரிகள் 2022 இல் எச்சரித்திருந்தமையால், குழந்தை பெற எண்ணியிருக்கும் பெண்கள் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே கூறுதல் அவசியம்.

டுலொக்சட்டின் உட்கொள்பவர் டிரமடோல் என்ற வலிநிவாரணியையும் வேறொரு வைத்தியரிடம் பெற்றுக்கொண்டால், செரட்டோனின் அளவு மிதமிஞ்சி நடுக்கமும் காய்ச்சலும் மனக்குழப்பமும் ஏற்படலாம். ஒரு நோய்க்கு மூன்று வைத்தியர்களைப் பார்ப்பதும், ஒருவரின் மருந்தை மற்றவரிடம் மறைப்பதும் எம்மவர் வழக்கம் என்பதால் இதனைக் குறிப்பிடுகின்றோம். பழைய துண்டுகள் அனைத்தையும் கிளினிக்குக்கு எடுத்துச் செல்வது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. சித்த, யுனானி, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்த விரும்பினாலும் ஒரே நாளில் நிறுத்தலாகாது. டுலொக்சட்டின் திடீரென நிறுத்தப்பட்டால் தலைச்சுற்று, குமட்டல், தலைக்குள் மின்னதிர்வு போன்ற உணர்வு என்பன தோன்றுவதுண்டு. நோய் முற்றிவிட்டதாக எண்ணிப் பலர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

2016 ஆம் ஆண்டின் அந்த ஐரோப்பியப் பரிந்துரைகளில் உறுதியாக வலியுறுத்தப்பட்டது எந்த மருந்துமன்று, உடற்பயிற்சியே. நடக்கவே முடியாமல் வலிக்கின்றவரிடம் நடக்கச் சொல்வது இரக்கமற்றதாகத் தோன்றும். மருந்தின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது என நாம் கருதுகின்றோம். இரவு உறக்கம் சற்றுச் சீரடைந்து, வலி சிறிதளவு தணிந்தால், ஐந்து நிமிட நடையையாவது தொடங்கி வாரந்தோறும் கூட்டிச் செல்ல முடிகின்றது.

நோன்பு நோற்கும் சகோதர சகோதரிகள் ரமழான் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைச் சந்திப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் இரவில் ஒரு தடவை மாத்திரமே உட்கொள்ளப்படுவது என்பதால் நேரத்தைப் பொருத்தமாக அமைப்பது கடினமல்ல. ஆனால் அது வாயை உலரச் செய்வதும் மலச்சிக்கலை உண்டாக்குவதும் நோன்பு காலத்தில் கூடுதலாகத் தெரியும். இரவு தராவீஹ் தொழுகை முடிந்து பிந்தி உட்கொண்டால் ஸஹருக்கு எழும்போது தூக்கக் கலக்கம் மீதமிருக்கலாம். நாளுக்கு இரு தடவை உட்கொள்ளும் பிரிகாபலினை இப்தார், ஸஹர் நேரங்களுக்கு மாற்ற முடியுமா, அளவைக் குறைக்க வேண்டுமா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டறிந்து கொள்ளலாம்.